குழலிலக்கணம்: ஆயுளியல்

சூத்திரம்: பானம் தீருமட்டும் நிற்றலும், பருகியோர் தீருமுன் மக்கலும் குழற்கு இலக்கணம்.

இதன் பொருள்: ஸ்ட்ரா என்று வழங்கும் குழலானது கிளாஸில் உள்ளது காலியாகும்வரை விறைப்பாக நிற்க வேண்டும், பிறகு, குடித்தவருடைய ஆயுள் முடிவதற்குள் மண்ணாகிவிட வேண்டும். முன்னதை நிற்றல் என்றும் பின்னதை மக்கல் என்றும் கொள்க. உலகில் புழங்கிய குழல்களில் மிகப் பல இவ்விரண்டில் ஒன்றைத் தவறவிட்டவை என்பது இவ்வியலின் துணிபு.

குற்றங்களில் தலையாயதை முதலில் சொல்வோம். மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரில் அரசி புவாபியின் கல்லறையில் பொன்னும் நீலக்கல்லும் இழைத்த குழல் ஒன்று கிடைத்தது. அக்காலத்துப் பீரில் உமியும் கசடும் மிதக்கும். அவற்றுக்கு அடியில் இருப்பதை உறிஞ்சத்தான் அது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆயின. அரசி மக்கினார், குழல் மக்கவில்லை. அற்றேல், பிளாஸ்டிக்கைவிடத் தங்கம் கொடிதோ எனின், அன்று. தங்கக் குழலைக் குடித்துவிட்டுச் சாக்கடையில் எறிந்தவர் ஒருவரும் இலர். மக்காமை மலிவோடு சேரும்போதே குற்றமாகிறது என்க.

மேலைநாட்டு வரலாறு சுருக்கமானது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கர் கோதுமையை ஒத்த ரை என்னும் தானியத்தின் தாளில் உறிஞ்சினர். அது பானத்தில் புல்வாடையை ஏற்றியது. நடுவில் நைந்தும் போயிற்று. எரிச்சலுற்ற மார்வின் ஸ்டோன் என்பார் காகிதத்தைச் சுருட்டிக் குழல் செய்து 1888 ஜனவரி 3 அன்று காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் காகிதத்தைப் பிளாஸ்டிக் விரட்டியது. இப்போது தொழில் நிறுவனங்கள் ‘தாவரக் குழலுக்கு மாறிவிட்டோம்’ என்று அட்டையில் அச்சிட்டு மகிழ்கின்றன. மாறினவா, திரும்பினவா என்பதில் ஸ்டோன் உயிரோடிருந்தால் வழக்கே தொடுத்திருப்பார்.

இத்துறையின் தரவு பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் நாளொன்றுக்கு 50 கோடி ஸ்ட்ரா செலவாகிறது என்ற கணக்கை உலகப் பத்திரிகைகள் எல்லாம் எடுத்தாண்டன. அதை 2011-இல் கணித்தவர் மைலோ கிரெஸ். தயாரிப்பாளர்களுக்குப் போன் போட்டுக் கேட்டு மதிப்பிட்டார். அப்போது அவருக்கு வயது 9. வயதைக் காரணம் காட்டி அக்கணக்கைத் தள்ளுவோர் உளர். முனைவர் பட்டம் பெற்றவர்கள் அந்தப் போனைப் போட்டிருக்கலாமே என்பது நம் விடை.

இனி நம் நாடு. தமிழ்நாட்டு அரசு 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. உறிஞ்சுகுழல் அவற்றில் ஒன்று. ஜூஸ் கடைகளுக்குக் காகிதக் குழல் வந்தது. அதன் நிலைகள் நான்கு: விறைப்பு, பிசுபிசுப்பு, தட்டை, கூழ். எலுமிச்சை ஜூஸில் விறைப்பு நிலையிலேயே பானம் தீர்ந்துவிடும், வழக்கில்லை. மாம்பழ மில்க்‌ஷேக்கில் பாதி கிளாஸிலேயே வாய்ப்பக்கம் தட்டையாகும். அனுபவமுள்ளவர் குழலைத் தலைகீழாகத் திருப்பி இரண்டாம் ஆயுள் தருவார். அனுபவமற்றவர் இன்னொன்று கேட்பார். மதுரை ஜிகர்தண்டாவே இறுதிச் சோதனை. பாதாம் பிசின் ஒரு துண்டு குழலின் நடுவில் அடைத்து நிற்க, கன்னம் குழிய இழுத்தும் வராதபோது, பக்கத்தில் ஸ்பூன் இருப்பது நினைவுக்கு வரும். இப்படி நிற்றலில் தோற்றாலும் மக்கலில் காகிதம் ஜெயிக்கும் என்று நம்பியிருந்தோம். 2023-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் 20 காகிதக் குழல் பிராண்டுகளைச் சோதித்து, 18-இல் பிஃபாஸ் என்னும் எளிதில் சிதையாத வேதிப்பொருள்களைக் கண்டனர். அளவு சொற்பம்தான். ஆனாலும் ஊறிப்போன குழலுக்குள் ஊறாத ஒன்று இருந்தது என்பது இலக்கணக்காரரை வருத்தும்.

மக்காச்சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ செய்யும் பி.எல்.ஏ. குழலோ நிற்றலில் பிளாஸ்டிக்குக்கு நிகர். மக்குமா எனின், மக்கும். ஆனால் 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், அதற்கென அமைத்த உரக் கூடத்தில். கத்திரி வெயில் 42-ஐத் தொட்டாலே நமக்குத் தலைப்புச் செய்தி. எனவே மெரினா மணலில் எறிந்த பி.எல்.ஏ. குழல், தான் தாவரம் என்பதை மறந்து நெடுநாள் கிடக்கும்.

2022 ஜூலை 1-இல் நாடு தழுவிய தடை வந்தபோது மோர், மாம்பழச்சாறு அட்டைப் பெட்டிக்காரர்கள் அவகாசம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அவர்கள் குழலுக்குத் துளைத்தல் என்னும் மூன்றாம் இலக்கணம் உண்டு. வெள்ளித்தாளைக் குத்தப்போய்த் தானே மடங்கும் காகிதத்தைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர்.

இவ்விடத்து ஓர் ஐயம்: செம்பை அண்ணாந்து, உதடு படாமல் குடிக்கத் தெரிந்த மக்களுக்குக் குழல் எதற்கு? எனின், இளநீருக்கு. செம்புக்கு விளிம்பு உண்டு. சீவிய இளநீர்க்காய்க்கு இல்லை. அண்ணாந்தால் மோவாயில் வழிந்து சட்டையில் விழும். இளநீர்க் கறை சலவைக்கு அஞ்சாது. வெள்ளைச் சட்டையைக் கௌரவமாகக் கருதும் ஊரில் ஸ்ட்ராவைக் காப்பாற்றிவருவது உதடு அன்று, சட்டையே என்பது நம் கோட்பாடு. ஐயமுற்றோர் இளநீர் வண்டியருகே நின்று பார்க்க: லுங்கியும் பனியனுமாக வருபவர் அப்படியே கவிழ்த்துக் குடிப்பார், வெள்ளை வேட்டிக்காரர் ஸ்ட்ரா கேட்பார்.

சூத்திரத்தின் இரு பகுதிக்கும் பொருந்தும் குழலும் உண்டு. பெங்களூரு கிறிஸ்து பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் சஜி வர்கீஸ், காய்ந்து சுருண்டு கிடந்த தென்னோலையைக் கண்டு அதிலேயே குழல் செய்யும் வழி தேடினார். ஓலையை ஆவியில் வேகவைத்தால் அதன் மெழுகே மேலேறிப் பளபளப்பாகி நீரைத் தடுக்கும், பிறகு சுருட்டுவதுதான். ஆக, தென்னையின் நீரைத் தென்னையின் ஓலையால் உறிஞ்சலாம். தடை என்னவெனில் விலை. பிளாஸ்டிக்கைவிடக் காகிதம் கூட, ஓலை அதைவிடக் கூட; ஸ்ட்ராவுக்குத் தனிக்காசு கேட்டால் வண்டிக்காரரிடம் சண்டைக்கு வருவார்கள். ஓலைக் குழல் கடல் கடந்து போகிறது; தென்னை மரத்தடியில் காகிதம் நனைகிறது.

‘இலவசமாகத் தாவரப் பாத்திரம் கொடுக்க இயலாது’ என்பாரை மறுத்து இவ்வியலை முடிப்போம். இளநீர் வண்டிக்காரர் ‘வழுக்கை போடவா?’ என்று கேட்டு, காயை இரண்டாகப் பிளந்து, மட்டையிலிருந்தே ஒரு சில்லைச் சீவிக் கரண்டி என்று நீட்டுகிறாரே, அவர் எந்த அரசாணைக்கும் காத்திருக்கவில்லை. குழலையும் அப்படியே சீவித் தந்திருப்பார். அரிவாளால் நீளத்துக்குத் துளை போட முடியாது, அவ்வளவுதான்.