காலக்ஞர்

சிலருக்கு வெற்றிலையில் பிரியம், சிலருக்குச் சீட்டாட்டத்தில், என் நண்பர் ஒருவருக்குப் பருவங்களில். அவருடைய பெயரை இங்கே அச்சிட்டால், மறு வாரமே வீடு தேடி வந்து, இதே கட்டுரை இன்னும் இரண்டு மாதம் பொறுத்து வெளியாகியிருந்தால் எப்படிப் பிரமாதமாக எடுபட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். ஆகையால் காலக்ஞர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். காலத்தை அறிந்தவர் என்று பொருள். அவசரத்தில் காலமானவர் என்று வாசித்துவிட வேண்டாம்.

மாம்பலத்து வீட்டில் தாயார், மனைவி, ஒரு பெண், ஒரு பிள்ளை என்று அளவான சம்சாரம். இவர்களையெல்லாம் ஒருதரம் அயல்தேசத்துக்கு அழைத்துப் போய், தீம் பார்க் என்று இக்காலத்தில் வழங்கும் விநோத வனம் ஒன்றைக் காட்டிவிட வேண்டும், அதையும் கூட்டமில்லாத, மழையில்லாத, வெயிலில்லாத, விமானக் கட்டணம் ஏறாத, பள்ளிக்கூடத்தில் பரீட்சை இல்லாத ஒரு சுபதினத்தில் காட்டிவிட வேண்டும் என்று அவர் சங்கற்பம் செய்துகொண்டபோது, பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தான். அன்றே நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, பன்னிரண்டு மாதங்களுக்கும் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டினார்.

சிங்கப்பூர் முதல் பக்கத்திலேயே அடிபட்டுப் போயிற்று. பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கில், வருஷம் பூராவும் ஒரே புழுக்கமும் இடியும் மழையுமாக இருக்கிற ஊர் அது. “பருவமே இல்லாத ஊருக்கு எந்தப் பருவத்தில் ஐயா போவது?” என்று கேட்டார்; என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டோக்கியோவுக்கு இரண்டு பக்கம் செலவாயிற்று: மார்ச் கடைசியில் செர்ரி பூக்கும், பூவோடு கூட்டமும் வரும், ஏப்ரல் முடிவில் ‘பொன் வாரம்’ என்ற தொடர் விடுமுறை, ஜூனில் மழை, ஆகஸ்டில் வெக்கையோடு அவர்களுடைய பித்ருக்களின் பண்டிகை, செப்டம்பரில் சூறாவளி. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் தொடங்கிய வால்ட் டிஸ்னியிடம் அவருக்கு மதிப்பில்லாமற் போனதற்கும் தேதிதான் காரணம். 1955 ஜூலை 17 அன்று, நட்ட நடுக் கோடையில் அல்லவா அந்த மனிதர் அதைத் திறந்தார்! அன்று வெயில் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. புதிதாகப் போட்டிருந்த தார் இளகி, சீமாட்டிகளின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களுக்கும் பஞ்சம். “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அக்டோபர் என்று சொல்லியிருப்பேனே!” என்று, தாம் பிறப்பதற்கு முன்பே நடந்துபோன அந்த அனர்த்தத்துக்காக இன்றும் உண்மையாகவே வருந்துவார்.

கடைசியில் அவருடைய மனத்தைக் கவர்ந்தது ஹாங்காங். லாண்டாவ் தீவிலுள்ள டிஸ்னிலாந்தை அவர் வரித்தது அங்கிருக்கும் கோட்டைக்காகவும் அல்ல, எலிக்காகவும் அல்ல. ஃபெங் சுயி என்னும் சீனத்து மனையடி சாஸ்திரத்தில் வல்லவர்களைக் கலந்து, முன்வாசலை 12 பாகை திருப்பி வைத்து, ரயிலடியிலிருந்து வரும் நடைபாதையில் நல்ல சக்தியெல்லாம் நேரே கடலுக்கு ஓடிவிடாதபடி ஒரு வளைவும் வைத்து, நாள் பார்த்து 2005 செப்டம்பர் 12 அன்று அதைத் திறந்தார்கள் என்று அவர் எங்கோ படித்துவிட்டார். “நம்மவர்கள்!” என்றார், கண் பனிக்க.

ஆனால் திறந்தவர்களுக்கு வாய்த்த முகூர்த்தம் போகிறவருக்கு வாய்ப்பதாக இல்லை. ஜனவரியில் குளிர் இதமாக இருக்கும். ஆனால் சீனப் புத்தாண்டு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும், 2006-ஆம் வருஷத்துப் புத்தாண்டில் கையில் டிக்கெட்டோடு வந்தவர்களையே இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மார்ச் மாதம் பெண்ணுக்கு முழுப் பரீட்சை, தகப்பனுக்கு ஆபீஸ் கணக்கு முடிப்பு. ஜூன் முதல் ஆகஸ்டு வரையில் அங்கே மழையும், பெருநிலத்துச் சீனக் குழந்தைகளுக்குக் கோடை விடுமுறையும். செப்டம்பரில் அங்கே சூறாவளிச் சின்னம், இங்கே காலாண்டுப் பரீட்சை. நமக்குச் சரஸ்வதி பூஜை விடுமுறை வரும்போது, அக்டோபர் முதல் தேதியிலிருந்து சீன தேசமே ஒரு வாரம் ஊர்சுற்றப் புறப்பட்டுவிடும். எஞ்சியது நவம்பர். வானம் நிர்மலம், காற்று சுகம், கூட்டம் சொற்பம், கட்டணமும் மலிவு. பள்ளி விடுமுறை ஒன்றுதான் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது: நவம்பரில் சென்னையில் மழைக்காகக் கலெக்டர் விடுமுறை விடத்தான் விடுகிறார், அதைப் பெரும்பாலும் அன்று காலையில் சொல்கிறார்.

இதற்கிடையே குழந்தைகள் வளர்ந்தார்கள். அது அவர் கணக்கை மேலும் சிக்கலாக்கிற்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்த வனத்தில் கட்டணமில்லை. ஆனால் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் என்று இருட்டுக்குள் ஓடுகிற ரோலர் கோஸ்டரில் ஏற 102 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இலவசமாகப் போகும் வயதில் உயரம் இல்லை, உயரம் எட்டும் வயதில் இலவசம் இல்லை. பெண்ணுக்கோ பன்னிரண்டு முடிந்தால் பெரியவர்கள் கட்டணம். ஆகவே வாசல் நிலையில் 102-க்கு ஒரு பென்சில் கோடு இழுத்து, மாதப் பிறப்புதோறும் பாட்டி பேரனை அதனடியில் நிறுத்தி அளந்து வந்தாள். அவனுக்குப் பழனியில் முடியிறக்குவதாக ஒரு வேண்டுதல். அதற்கும் அனுகூலமான காலம் இன்னும் அமையாததால், நாலு வயசுத் தலைமுடியைக் கூட்டி உச்சியில் கொண்டையாக முடிந்திருப்பார்கள்.

நானும் ஒருநாள் வாய் பொறுக்காமல், “குழந்தைகளுக்கு மழையென்ன, வெயிலென்ன சார்?” என்று கேட்டுவிட்டேன். சபாவில் ராகம் தெரியாமல் தலையாட்டியவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

போன மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கையில், மனைவி ஒருவரையும் கேட்காமல் ஐந்து டிக்கெட் வாங்கிவிட்டார். காலக்ஞர் டிக்கெட்டைப் படித்து ஒரு குறையும் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை இரவு ஒரு மணிக்கு விமானம் என்று போட்டிருந்தது. விமானக் கம்பெனிக்கு அது செவ்வாய். சூரியோதயத்தில் நாள் பிறக்கும் பஞ்சாங்கத்துக்கோ அது இன்னும் திங்கள். திங்களன்று கிழக்கே சூலம். “தயிர் சாப்பிட்டால் சரியாகிவிடும், வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறு” என்றாள் தாயார். ஒரு கிண்ணம் தயிரைக் குடித்துவிட்டு ஏறினார்.

மற்றது அவர் மனைவி சொல்லக் கேட்டது. போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் பேய்மழை. வானிலை ஆய்வகம் மஞ்சள் எச்சரிக்கை விடுத்திருந்தது. வெட்டவெளியில் சுழலுகிற ராட்டினங்களை நிறுத்திவிட்டார்கள். அதனால் வனத்தில் ஈ காக்கை இல்லை. மிஸ்டிக் மேனர் என்ற மாய மாளிகைக்குள் குடும்பம் நான்கு தடவை போய் வந்தது, நான்கு தடவையும் வரிசை என்பதே இல்லாமல். பாட்டி ஐந்தாவது தடவைக்கும் ஆயத்தமாக நின்றாள். காலக்ஞர் ஒருவர் மட்டும் குடையின் கீழே நின்றுகொண்டு, மே மாதத்துக் கட்டத்தில் தாமே போட்டிருந்த பெருக்கல் குறியைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன். பெண் உள்ளே போய்விட்டாள். பிள்ளையை அங்கிருந்த ஊழியப் பெண் அளவுகோலருகே நிறுத்தினாள். கோடு சரியாக இருந்தது. சிரித்துக்கொண்டே உள்ளங்கையை அவன் கொண்டையின்மேல் மெல்ல வைத்து அமுக்கினாள். இரண்டு விரற்கடை குறைந்தது. பாட்டி நிலையில் அளந்ததெல்லாம் கொண்டையும் சேர்த்து! பிள்ளை உதட்டைப் பிதுக்கினான். காலக்ஞருடைய முகமோ, சென்னையை விட்டுப் புறப்பட்ட பிறகு முதன்முறையாக மலர்ந்தது. மழைக்கோட்டுக்குள்ளிருந்து நீல அட்டை நோட்டை எடுத்து, நனையாத பக்கமாகப் பார்த்துப் பிரித்து, “இரண்டு விரற்கடை என்றால் ஆறு மாதம். நான் அப்போதே சொல்லவில்லையா, நவம்பர்தான்!” என்றார்.

“பழனிக்கு எப்போது என்று அதிலே முதலில் பாரடா” என்றாள் தாயார்.