ஆயிரம் பொய் சொல்லி ஓர் இன்ஸ்டால்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தி வைக்கலாம் என்று தரகர்களுக்கு வழங்கப்பட்டுள்ள சலுகை, பழைய வணிக மென்பொருளைப் புதிய இயங்குதளத்தில் நிறுவுவோருக்கும் நெடுநாளாக நடைமுறையில் இருந்து வருகிறது. இயங்குதளம் என்பது கணினியின் நினைவகம், வட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற மென்பொருள்கள் கேட்பதை அளந்து கொடுக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் அவற்றுள் ஒன்று. பில் போடும் மென்பொருள், தான் எழுதப்பட்ட காலத்து விண்டோஸை நம்பி எழுதப்படுகிறது. பிறகு விண்டோஸ் மாறிவிடுகிறது, பில் போடுவது மாறுவதில்லை. இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் குடித்தனம் நடத்த வைப்பது, இரு தரப்பாரிடமும் கூசாமல் சொல்லப்படும் பொய்களால்தான் இயலும்.

பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்கினால் என்ன என்று மொத்த வியாபாரக் கடையின் கல்லாவுக்கு எதிரே நின்று கேட்கும் துணிவு யாருக்கும் வருவதில்லை. எந்த விசையை அழுத்தினால் பாக்கிப் பட்டியல் வரும் என்பது கணக்குப்பிள்ளையின் விரல்களுக்கு மனப்பாடம்; முதலாளிக்கோ, ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு மறுபடியும் பணம் கொடுப்பது என்ற எண்ணமே ஒவ்வாது. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார், சி.டி. மட்டும் பழைய பத்திரிகை உறை ஒன்றில் பத்திரமாக இருக்கிறது. எனவே பழைய கணினி உயிரை விட்டு, சி.டி. போடும் இடமே இல்லாத விண்டோஸ் 11 கணினி கடைக்கு வந்து இறங்கியதும், "அதே சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்துடு தம்பி" என்ற ஒற்றை வரி ஆணை பிறக்கிறது.

முதல் பொய் வயதைப் பற்றியது. தொடங்கும்போதே விண்டோஸின் பதிப்பு எண்ணைக் கேட்டு, எதிர்பாராத எண் வந்தால் மறுத்துவிடும் பழக்கம் பழைய மென்பொருள்கள் பலவற்றுக்கு உண்டு. புதிய எண் பெரியதாக இருக்கும் என்று எழுதியவர் நினைத்துப் பார்க்காததே காரணம். இதை அறிந்துதான் 2009இல் வந்த விண்டோஸ் 7 உள்ளுக்குள் தன்னை 6.1 என்று குறித்துக்கொண்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 உள்ளே இன்னும் 10.0தான். அப்படியும் அடங்காத மென்பொருளுக்காக, அதன் பண்புகளைக் காட்டும் பெட்டியில் 'விண்டோஸ் எக்ஸ்பி' என்று தேர்ந்தெடுத்து ஒரு டிக் போட்டால், அன்று முதல் அந்த மென்பொருள் கேட்கும்போதெல்லாம் தான் 2001இல் பிறந்த எக்ஸ்பி என்று விண்டோஸ் சத்தியம் செய்கிறது. கல்யாணச் சந்தையில் வயதைக் குறைத்துச் சொல்வதே வழக்கம். இருபது வயதைக் கூட்டிச் சொல்லிச் சம்மதம் வாங்குவது இங்கே மட்டும்தான்.

இரண்டாவது பொய் வீட்டைப் பற்றியது, இதில்தான் ஆபத்து அதிகம். பழைய மென்பொருள்கள் தங்கள் கணக்குக் கோப்பை, நிரல்கள் வைக்கப்படும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' அடைவுக்குள் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதிவந்தன. 2007இல் பரவலாக வெளியான விண்டோஸ் விஸ்டா, நிர்வாகி அனுமதியின்றி அங்கே யாரும் எழுதக் கூடாது என்ற சட்டத்தை நிலைநாட்டியது. ஆனால் சட்டப்படி நடந்தால் ஊரில் பாதி மென்பொருள்கள் படுத்துவிடும் என்பதால், அவை எழுதுவதைச் சத்தமில்லாமல் திருப்பி, பயனரின் சொந்தப் பகுதியில் 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்ற அடைவில் நகலெடுத்து வைக்கும் ஏற்பாட்டையும் கூடவே செய்தது. மென்பொருள் தன் வீட்டிலேயே எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். முதலாளியும் அப்படியே நினைத்துக்கொண்டு, வாரந்தோறும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' அடைவைப் பென் டிரைவில் பிரதி எடுத்துப் பூஜை அறையில் வைப்பார். அந்தப் பிரதியில் இருப்பது நிறுவிய நாளன்று இருந்த கணக்கு மட்டுமே.

இத்தோடு நின்றாலும் பரவாயில்லை. எந்தக் கோளாறுக்கும் மருந்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று எங்கோ கேள்விப்பட்ட ஒருவர் ஒருநாள் அப்படியே திறந்துவிட்டால், நிர்வாகிக்கு இந்த நாடகம் தேவையில்லை என்று விண்டோஸ் திரையை விலக்கிவிடும். மென்பொருள் உண்மையான கோப்பைத் திறக்கும். நிறுவிய நாளுக்குப் பின் வந்த விற்பனையும் பாக்கியும் ஒன்றுகூட அதில் இராது. பாக்கி வைத்தவர்களுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. கடையே கலங்கி, மென்பொருளை மூடி, வழக்கம்போல் மறுபடி திறந்தால் எல்லாக் கடன்காரர்களும் திரும்பி வந்துவிடுவார்கள். மெய் சொன்னபோது கணக்கு தொலைந்ததும், பொய் சொன்னபோது கணக்கு நேரானதும் தணிக்கைத் துறையினர் ஆராய வேண்டிய பொருள்.

மூன்றாவது பொய்யை மனிதரே சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய பில் மென்பொருள்களைத் திருத்தியாக வேண்டிய நிலை ஏற்பட்டது. அவற்றில் கணிசமானவை 1998இல் வெளியான விஷுவல் பேசிக் 6 கொண்டு எழுதப்பட்டவை. அந்தக் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008இலேயே நிறுத்திவிட்டது. அதில் எழுதிய நிரல்களை ஓட்டும் பகுதி விண்டோஸ் 11 வரை கூடவே வருகிறது, எழுதும் கருவியை நிறுவுவதுதான் பெரும்பாடு. அதன் நிறுவி, மைக்ரோசாஃப்டின் ஜாவா இயந்திரம் இருந்தாக வேண்டும் என்று அடம் பிடிக்கும். அந்த ஜாவாவோ, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் 1997இல் தொடுத்த வழக்கில் சிக்கி, 2001இல் சமரசமாகி, பிறகு வழக்கொழிந்து போனது. இதற்குத் தொழில் தெரிந்தவர்கள் கண்ட வழி எளியது: நோட்பேடில் ஒன்றுமே எழுதாத, பூஜ்யம் பைட் அளவுள்ள கோப்பை உருவாக்கி, அதற்கு 'எம்எஸ்ஜாவா.டிஎல்எல்' என்று பெயரிட்டு, விண்டோஸ் அடைவில் போட்டுவிட வேண்டும். நிறுவி வந்து பெயரைப் பார்க்கும், திறந்து பார்க்காது, திருப்தியுடன் மேலே செல்லும். பெயர்ப்பலகையைக் கண்டு வணங்கிவிட்டுப் போகும் குணம் மனிதர்களிடமிருந்துதான் அதற்கு வந்திருக்க வேண்டும்.

பொய் எடுபடாத இடமும் உண்டு. ஒரே வீச்சில் எத்தனை பிட் அளவுள்ள தரவைக் கையாள எழுதப்பட்டது என்பதைக் கொண்டு நிரல்களை 16, 32, 64 பிட் என வகைப்படுத்துவர். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடா, விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், 1990களின் 32 பிட் மென்பொருள்கள் பலவற்றுக்கு நிறுவி மட்டும் 16 பிட்டாக அமைந்துவிட்டது; உள்ளே இருப்பவர் வரத் தகுதியுள்ளவர், அழைத்து வருபவருக்குத்தான் அனுமதியில்லை. அப்போது கடைசி உபாயமாக, கணினிக்குள் கணினிபோல் நடிக்கும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை அமைத்து, அதில் ஒரு முழு எக்ஸ்பியையே குடியேற்ற வேண்டும். விண்டோஸ் 7 காலத்தில் 'எக்ஸ்பி மோட்' என்ற பெயரில் மைக்ரோசாஃப்டே இதை வழங்கியது. ஒற்றைப் பொய்கள் போதாதபோது ஓர் உலகத்தையே பொய்யாகக் கட்டிக் கொடுத்தார்கள்.

எஃப்1 அழுத்தி உதவி கேட்பதில் பயனில்லை. பழைய உதவிக் கோப்புகளைத் திறக்கும் நிரல் விஸ்டாவிலேயே விடைபெற்றுவிட்டது.

எஞ்சியிருப்பது அச்சு. பழைய மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே அச்சு வழி எல்பிடி1, அதாவது இருபத்தைந்து ஊசிகள் கொண்ட அகலமான இணைப்பு. புதிய கணினியில் அதற்கான துளையே கிடையாது. யு.எஸ்.பி.யில் மாட்டிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பகிரப்பட்டதாக அறிவித்து, 'நெட் யூஸ்' என்ற கட்டளையால் அதற்கு எல்பிடி1 என்று பெயர் சூட்டினால், இல்லாத துளை வழியாக மென்பொருள் பில்லை அனுப்புகிறது, பிரிண்டரும் கறகறவென்று அடித்துத் தள்ளுகிறது. தொட்டால் எதுவும் நின்றுவிடுமோ என்று மென்பொருளைப் போட்டவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில், முதலாளி பில்லைக் கிழித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கேட்பது ஒன்றே: "இதையே நம்ம பையனோட மேக் லேப்டாப்லயும் போட்டுடலாம்ல தம்பி?"