சமவயதுப் பாட்டி

என் பாட்டியின் வயது என்ன என்கிற கேள்வி எங்கள் குடும்பத்தில் வெகுகாலம் தீராத ஒரு வியாஜ்யமாகவே நடந்து வந்தது. ஜாதகம் எழுதி வைத்திருந்தார்களாம்; அதைக் கரையான் படித்து முடித்துவிட்டது. தான் விகாரி வருஷத்தில் பிறந்தவள் என்பது ஒன்றுதான் பாட்டி ஒப்புக்கொண்ட பிரமாணம். நம்முடைய வருஷங்களுக்கோ பெயர் அறுபதோடு சரி. அட்சயவில் தீர்ந்து, மறுபடியும் பிரபவவில் ஆரம்பிக்க வேண்டியதுதான். 1899-இல் வந்துபோன விகாரி, 1959-இல் திரும்பவும் வந்தபோது, தன்னோடு அடியேனையும் அழைத்து வந்துவிட்டது. அன்றிலிருந்து பாட்டி தன் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கு எழுதத் தொடங்கினாள்.

"ஏண்டா, நீயும் விகாரி, நானும் விகாரி. இதிலே பெரியவா என்ன, சின்னவா என்ன?" என்று கேட்டு, எனக்கென்று வைத்த மைசூர்பாகில் சரிபாதியை வாங்கிக்கொள்வாள். என் ஏழாவது வயதில் எனக்குப் பால்பற்கள் விழுந்த அதே சமயம் அவளுக்கும் பற்கள் உதிர்ந்தன. எனக்கு மட்டும் மறுபடி முளைத்ததை அவள் கடைசிவரை மன்னிக்கவேயில்லை.

வீட்டில் அவளுக்கு 'எம்டன்' என்று ஒரு நாமதேயம் உண்டு. தாத்தா வைத்தது, அவள் காது கேட்க யாரும் சொல்வதில்லை. காரியக்காரர்களையெல்லாம் எம்டன் என்று அழைக்கும் வழக்கம் நாட்டில் பொதுவானதுதான் என்றாலும், பாட்டிக்கு அந்தப் பட்டம் நேரடிச் சம்பந்தத்தால் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியரின் எம்டன் என்னும் யுத்தக் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, சுமார் 130 குண்டுகளை வீசி, துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வைத்தபோது, பதினைந்து வயதுப் பாட்டி திருவல்லிக்கேணியில் குடித்தனம் செய்துகொண்டிருந்தாள். நவராத்திரி சமயம். படிகட்டிக் கொலு வைத்திருந்தது. தாத்தா கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கைக்கு எட்டிய வேஷ்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, எழும்பூர் ரயிலடிக்கு ஓடவேண்டும் என்று வாசலில் நின்று பதற, பாட்டி அடுப்பங்கரையை விட்டு நகர மறுத்துவிட்டாளாம். கடலை அப்போதுதான் முக்கால் வேக்காட்டில் இருந்தது.

"அவன் பாட்டுக்குக் குண்டு போட்டான், நான் பாட்டுக்குச் சுண்டல் போட்டேன்" என்பது அந்த ராத்திரியைப் பற்றி அவள் கொடுக்கும் பூரண வாக்குமூலம். மறுநாள் பட்டணமே மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுக் கிளம்பியபோது, பாட்டியும் கும்பகோணம் போகச் சம்மதித்தாள், வெண்கலப்பானையோடுதான் ரயிலேறினாள். நவம்பரில் கோக்கோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலொன்று எம்டனை அடித்து நொறுக்கிய செய்தி வந்ததும், "சுண்டல் வேளையிலே வந்து கலைச்சவன் உருப்படுவானா?" என்று கேட்டாளாம். அந்தக் கடற்போரில் தன்னுடைய பங்கு சிறிதல்ல என்பது அவளுடைய திடமான அபிப்பிராயம். எனக்கும் அதில் பெரிய ஆட்சேபணை இல்லை.

எம்டனைச் சமாளித்தவளுக்குச் சர்க்காரைச் சமாளிப்பதா கஷ்டம்? 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா அமலுக்கு வந்தது. ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, நாலணாவுக்கு 25 என்று கணக்கு. எங்கள் அகத்துக்குப் புதிதாக மருமகளாக வந்திருந்த என் தாயார் கண்ணால் கண்டு சொன்ன கதை இது. ஒரு கட்டு ஓரணாவாகக் கீரைக்காரி நாலு கட்டை நீட்ட, பாட்டி ஒரே ஒரு கட்டை மட்டும் வாங்கி, ஆறு பைசாவை எண்ணிக் கொடுத்துவிட்டு அவளை அனுப்பிவைத்தாள். அவள் நாலு வீடு தாண்டியதும் கைதட்டிக் கூப்பிட்டு இன்னொரு கட்டு. இப்படி நான்கு தடவை வாங்கினால் 24 பைசாவோடு முடிந்துவிடும் அல்லவா? மூன்றாம் தடவை கூடையை இறக்கியபோது அந்தப் புண்ணியவதி, "அம்மா, அந்த ஒரு பைசாவை நானே குடுத்துடறேன், என்னை நடக்க விடாதீங்க" என்று கும்பிட்டாளாம். பாட்டி அந்த ஒரு பைசாவை வாங்கி மாடப்பிறையில் வைத்தாள்; கீரைக்காரிக்கு ஒரு லோட்டா மோர் கொடுத்தாள். மோரின் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று என் தாயார் மெல்லச் சொல்லிப் பார்த்ததற்கு, மோர் தர்மம், காசு நியாயம் என்று பதில் வந்ததாம்.

1985-இல் ஒருநாள், இரவுப் பலகாரம் முடித்துப் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. பதிவு செய்யும் ஆபீசில் குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் வயதைக் கேட்டார். இருபத்தாறு என்று சொல்லிவிட்டேன். பேனாவை நிறுத்திவிட்டு, "பாட்டி என்றீர்களே?" என்றார். சரியாக அறுபதைக் கூட்டிச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.