தாலுகா ஆபீஸ் போனவருக்கு ஜெர்மனி எம்மாத்திரம்

திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறைப் பிள்ளை ஜெர்மனிக்குப் படிக்கப் போனால் திணறிவிடும் என்று ஆலோசனை மையங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கவலைப்படுகின்றன. வீண் கவலை. அங்கே குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பதிவதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். அவரோ வருமானத்துக்கு ஆதாரம் கேட்பார். வங்கிக்குப் போனால், பல இடங்களில், பதிந்த முகவரி எங்கே என்பார்கள். வேறு யாரேனும் மிரளலாம். வீட்டில் ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று நிரூபிக்க வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என அலைந்து முதல் பட்டதாரிச் சான்று வாங்கிய பிள்ளையா மிரளும்? இல்லாததற்கே தாள் வாங்கியவருக்கு, இருக்கும் வீட்டுக்குத் தாள் வாங்குவது என்ன பெரிய காரியம்!

அங்கே எல்லாம் முன்பதிவு, ஒழுங்கு என்பார்கள். இங்கும் இ-சேவை மையம் இருக்கிறது; பெர்லினில் அந்த முன்பதிவு கிடைக்கவே வாரக்கணக்கில் ஆவதுண்டு. பணம்? 2024 செப்டம்பர் முதல் விசாவுக்கு 11,904 யூரோவை முடக்கிக் காட்ட வேண்டும். கையில் வருவது மாதம் 992. அந்தப் பணத்துக்கு வாங்கும் கடனுக்காக வில்லங்கச் சான்று எடுக்க அலைவதும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். குளிர் என்றால் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 1914இல் கேம்பிரிட்ஜ் போன கணித மேதை ராமானுஜன், கம்பளிக்குள் நுழைந்து படுக்கத் தெரியாமல் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு நடுங்கியதை அவருடைய நண்பர் மகலனோபிஸ் சொல்லியிருக்கிறார். அதற்கு எந்தத் தாசில்தாரிடமும் பயிற்சி கிடைக்காது. ஆலோசனை மையத்தாரே, போர்வைக்குள் நுழைவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். தாள்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.