போற வழிதானே!

நேற்று இரவு பதினொன்றே காலுக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘டூர் பிளான் – இறுதி’ வந்தது. இதற்கு முன்பே ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இதுதான் இறுதி’ எல்லாம் வந்தாகிவிட்டது. மொத்தம் பதினொரு நிறுத்தங்கள். நான் சொன்ன நான்கில் ஒன்றுகூட இல்லை. தூக்கம் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மனோராவைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஆனால் முதலில் இந்தப் பயல்களைப் பற்றிக் கொஞ்சம்.

“கோடைக்கு மலை, அருவி எல்லாம் வேண்டாம், யாரும் வண்டியை நிறுத்திப் பார்க்காத விசித்திரங்களாகப் பார்த்துக்கொண்டே போவோம்” என்று சித்திரை பிறந்த அன்று எழுதினேன். ஐந்து பேரும் கட்டைவிரல் போட்டார்கள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். கட்டைவிரல் போடுகிறவன் படிக்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் திருவக்கரை. விழுப்புரம் மாவட்டத்தில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கிற தேசியப் பூங்கா. கார் யாருடையதோ அவன் உடனே துள்ளினான்: “அங்க வக்கிரகாளி கோயில் இருக்கேடா! அம்மா ரொம்ப நாளாக் கேக்கறாங்க. போற வழிதானே, கூட்டிட்டு வந்துடறேன்.” அம்மாவுக்குப் பௌர்ணமியன்றுதான் போக வேண்டும். பௌர்ணமி செவ்வாய்க்கிழமை வந்தது. போட்ட லீவை மாற்றி எழுதிக் கொடுத்தேன். சரி, கோயிலுக்குப் போய்விட்டுப் பூங்கா? “கத்திரி வெயில்ல அம்மாவால நிக்க முடியாதுடா.”

அடுத்தது சாத்தனூர். “தெரியும்டா, முதலைப் பண்ணை!” அது திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர், அணைக்கட்டு. நான் சொன்னது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். அந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்தில் புதைந்துபோன ஒரு மரம், 12 கோடி வருஷம் கழித்து, 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகப் படுத்திருக்கிறது. மூன்று பத்தி விளக்கி அனுப்பினேன். பதில் வந்தது: “அணைக்கட்டுல மீன் வறுவல் நல்லாருக்கும். போற வழிதானே?”

திருச்சிக்குப் போகிறவனுக்குத் திருவண்ணாமலை போற வழியாம்! இந்த இரண்டு வார்த்தைகள் இருக்கின்றனவே, இவற்றுக்கு முன்னால் பூகோளமே கிடையாது. பண்ருட்டி போற வழி, பலாப்பழம் வாங்கலாம். கும்பகோணம் போற வழி, டிகிரி காபி. திண்டுக்கல்கூடப் போற வழிதான், பிரியாணி. மன்னார்குடியில் எங்களில் வங்கிக்காரன் ஒருவனின் சித்தப்பா மகளுக்குப் புதுமனை புகுவிழா: “பத்து நிமிஷம்டா, மொய் வெச்சுட்டு ஓடி வந்துடலாம்.” மொய் வைத்தவனை எந்த ஊரில் பத்து நிமிஷத்தில் விட்டிருக்கிறார்கள்? பந்தியில் உட்கார வைத்து, பாயசம் ஊற்றி, மாடி கட்டப்போகிற இடத்தைக் காட்டி, மோட்டார் போட்டுத் தண்ணீர் வருவதையும் காட்டித்தான் அனுப்புவார்கள். இன்னொருவனுக்கு அரியலூர்ப் பக்கம் குலதெய்வம். அந்த வழியாகப் போய் இறங்காமல் வந்தால் குத்தமாகிவிடுமாம். அப்படியானால் அந்த வழியாகப் போகாமலே இருக்கலாமே என்றேன். அதுவும் குத்தமாம். நான்காமவனின் தங்கைக்கு ஒரு கிரைண்டர் கொண்டுபோக வேண்டும். டிக்கியில் இடமில்லை, அதில் அம்மாவின் பூஜைச் சாமான்கள். “நீதான் கல்லு பாக்கணும்னியே, காலடியில வெச்சுக்க” என்று எனக்குத் தள்ளிவிட்டார்கள். தமிழ்நாட்டு வரைபடத்தில் போற வழியில் இல்லாத ஊர் ஒன்று உண்டென்றால், அது எந்த ஊருக்கென்று கிளம்பினோமோ அந்த ஊர்தான்.

மூன்றாவதாக நான் சொன்ன குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரையை நீக்கியதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருந்தது. 33 அடிக் குதிரை. மாசி மகத்துக்குக் காகித மாலைகளைச் சாத்திச் சாத்தி அதன் உடம்பே தெரியாமல் மூடிவிடுவார்கள். “அப்ப மாசில போவோம்டா” என்றான் வங்கிக்காரன். மாசியில் இவன் ஆண்டுக் கணக்கு முடிக்கணும் என்பான், பாருங்கள்.

சரி, மனோரா. பட்டுக்கோட்டைக்கு அப்பால், கடலோரத்தில், இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். தஞ்சாவூர் ராஜா எதற்குக் கட்டினார்? பிரான்ஸில் நெப்போலியன் விழுந்துவிட்டான், ஆங்கிலேயர் ஜெயித்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில். கல்வெட்டில் 1814 என்று போட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மறு வருஷமே அந்த ஆள் எல்பா தீவிலிருந்து கிளம்பி வந்து… இந்த இடம் வரைக்கும் குழுவில் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒருவன் கேட்டான்: “பலாவை முழுசா வாங்கலாமா, சுளையா வாங்கலாமா?” அதற்கு நாற்பத்திரண்டு பதில்கள். என் நெப்போலியன் எங்கேயோ மேலே போய்விட்டான். அவனுக்கு ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை.

ஆகவே வாசகர்களில் யாராவது இந்த மே மாதம் பட்டுக்கோட்டைப் பக்கம் போவதாக இருந்தால் தயவுசெய்து என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்கே தாம்பரத்தில் வந்து நிற்பேன். பெட்ரோலுக்கும் டோலுக்கும் என் பங்கைக் கொடுத்துவிடுவேன். என்னால் ஒரு தொந்தரவும் இருக்காது. பேராவூரணியில் என் மச்சினர் வீட்டில் ஒரு குக்கரை மட்டும் கொடுக்க வேண்டும். போற வழிதான்.