பால்கனித் தொட்டியின் கீழே: சிதறலியல் குறித்து ஒரு முன்னாய்வு

பறவைக்குத் தீனி வைப்பவர்கள் எல்லாரும் மேலே பார்ப்பவர்கள். தொங்கும் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் இரண்டடித் தரையை எந்த அறிஞரும் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அக்குறையைத் தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம், சென்னையில் ஒரு மூன்றாம் மாடி பால்கனி. கருவிகள், ஒரு விளக்குமாறும் ஒரு முறமும். கருவிகளை இயக்கியவர் ஆய்வாளர் அல்லர். அதைப் பிறகு பார்ப்போம்.

கொட்டுவது யார் என்பதே முதல் வழக்கு. குடியிருப்போர் சங்கத்தின் ஒருமித்த தீர்ப்பு, புறா. சான்றுகளோ வேறு திசையில் கை காட்டுகின்றன. புறா கம்பை முழுசாக விழுங்கி, அரைவைப் பையில் கிடக்கும் சிறு கற்களால் அரைத்துக்கொள்ளும். தானிய விஷயத்தில் மட்டும் அது பரம சுத்தம். (மற்ற விஷயத்தைக் கீழ்வீட்டு மாமியின் வடாம் சொல்லும்.) சிட்டுக்குருவியும் சில்லையும் தினையை அலகிலேயே உருட்டி உமியைத் தள்ளிவிட்டுத் தின்பவை. அந்த உமிக்கு எடையே கிடையாது. லேசான காற்றடித்தால் போதும், கூடத்தைக் கடந்து சாம்பார்ச் சட்டி வரை வந்துவிடும். ஆனால் முதல் குற்றவாளி கிளிதான். சூரியகாந்தி விதையைக் காலில் பிடித்து, ஒரு கடி கடித்து, கீழே நழுவவிட்டு அடுத்ததை எடுக்கும். கல்யாணப் பந்தியில் கேட்டதையெல்லாம் வாங்கி இலையில் குவித்துவிட்டு எழுந்துபோகும் பெரிய மனிதர்களுக்கும் இதற்கும் அலகு மட்டுமே வித்தியாசம்.

இனி களை. ஒரு மழை பெய்தால் சில நாளில் துளசித் தொட்டியில் கம்பு தலைகாட்டும். வீட்டார் அதைப் புல் என்று பிடுங்கலாம், அபூர்வச் செடி என்று தண்ணீரும் ஊற்றலாம். இரண்டும் களத்தில் பதிவாகியுள்ளன. சூரியகாந்தித் தோலின் போக்கு நேர்மாறானது. அது குவிந்த இடத்தில் ஊறும் ரசாயனங்கள் வேறு செடிகளைத் தழையவிடாது. ஆக, தீனித் தொட்டி ஒரு கையால் களை விதைக்கிறது, மறு கையால் களைக்கொல்லி தூவுகிறது. இடையில் மாட்டிக்கொள்வது துளசி.

இவற்றைவிடக் கொடியது நாம் வைக்காத விதை. எங்கோ அரசம்பழம் தின்ற மைனா நம் சோற்றுக்காக வந்து கைப்பிடிச் சுவரில் அமர்கிறது. எச்சத்தில் வந்த விதை சேதமின்றி விரிசலில் இறங்கி வேர் விடுகிறது. சுவர் பிளக்கத் தொடங்கிய பிறகும் அதைப் பிடுங்க ஆள் கிடைப்பதில்லை. பிடுங்குவது பாவம் என்ற தீர்மானம் சங்கக் கூட்டத்தில் வருடந்தோறும் நிறைவேறுகிறது.

அயல்நாட்டு ஒப்பீடு ஒன்று. அமெரிக்கத் தோட்டங்களில் குருவிக்கு வைக்கும் பேயெள்ளு இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் போவது. கூடவே அம்மையார் கூந்தல் போன்ற களைகளின் விதையும் கப்பலேறிப் போய் முளைக்காதிருக்க, அதை 120 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடேற்ற வேண்டும் என்று அந்நாட்டில் விதி வைத்தார்கள். இம்முறை நமக்கு ஒத்துவராது. நம் வீட்டில் தானியத்தை வறுத்தால் அது பால்கனி வரை போய்ச் சேராது.

தீர்வும் கேட்பார்கள். நொய்யரிசி வைக்கலாம்: முளைக்காது, உமியும் தோலும் இல்லை. பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோகும் அளவே வைக்கலாம். மிச்சம் இரவில் எலிக்கும் எறும்புக்கும் விருந்து. கீழே தாம்பாளம் வைத்துச் சிதறலைப் பிடிக்கலாம் என்போர் உண்டு. அப்படிச் செய்தால் தாம்பாளமே புறாக்களின் இரண்டாம் பந்தியாகிவிடும். தீனி வைப்பதை நிறுத்தலாம் என்ற மாற்றுக் கருத்தைக் குறிப்பிட்டது கீழ்வீடு மட்டுமே என்பதால் அது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

எஞ்சியது கணக்கியல். தொட்டி கட்டியவர் பெயரில் புண்ணியம் வரவாகிறது. உமி, தோல், எச்சம் மூன்றும் தினமும் பெருக்குகிற அம்மாவின் பெயரில் பற்றாகின்றன. இருவர் பேரேடும் ஒருபோதும் சரிபார்க்கப்பட்டதில்லை. இக்கட்டுரையை சக அறிஞர் மதிப்பீட்டுக்காக அந்த அம்மாவிடமே வாசித்துக் காட்டினோம். விளக்குமாற்றை ஊன்றியபடி கேட்டுவிட்டு அவர் அளித்த பரிந்துரைகள் இரண்டு: "மேல கட்டித் தொங்கவுட்டு கீழ கொட்டறதுக்கு, கீழயே போட்டுடலாம்ல சார்? இல்லைன்னா மாசம் இருநூறு சேத்துக் குடுங்க."

முதல் பரிந்துரை ஆய்வின் அடிப்படையையே தகர்ப்பதால் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவதற்கான நிதி ஒதுக்கீடு பரிசீலனையில் உள்ளது.