வெள்ளிக்கிழமை விமர்சகர்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை முதலிய ஊர்களிலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரிடையே அருகிக் காணப்படும் ஒரு மனித வகையை 'வெள்ளிக்கிழமை விமர்சகர்' என்று பெயரிட்டு அழைக்கலாம். கறுப்பு ரீசேட், மழையிலும் கழற்றப்படாத ஹெட்போன், கித்தார் வாசிக்கத் தெரியாமை ஆகிய மூன்றும் இவரது புற அடையாளங்கள். நள்ளிரவில் வெளிவந்த இண்டி றொக் அல்பம் ஒன்றைப் பற்றிக் காலைத் தேநீருக்கு முன்பே முடிந்த முடிபாக ஒரு கருத்தை வைத்திருப்பது அக அடையாளம்.

இண்டி றொக் என்பது, பெரிய இசை நிறுவனங்களின் முதலீடும் தலையீடும் இன்றிச் சிறு வெளியீட்டாளர் வழியாகவோ சொந்தக் காசிலோ வெளியிடப்படும் றொக் இசைக்கு முதலில் வழங்கிய பெயர். மன்செஸ்டர் நகரின் பஸ்கொக்ஸ் குழுவினர் வேண்டியவர்களிடம் 500 பவுண் கடன்பட்டு, 1977 இல் 'ஸ்பைரல் ஸ்கிராச்' என்ற சிறு இசைத்தட்டைத் தாமே ஆயிரம் படிகள் அச்சிட்டு வெளியிட்டமை இம்மரபின் முதற்படிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. கடன்பட்டேனும் இசை செய்யும் மரபை அவர்கள் தொடக்கிவைத்தார்கள். சதமும் செலவழிக்காமல் அதனைக் கேட்டுக் குறைசொல்லும் மரபை வெள்ளிக்கிழமை விமர்சகர் பேணி வளர்த்து வருகிறார். ரேடியோஹெட் என்னும் றொக் குழு 2007 ஒக்டோபரில் தனது 'இன் ரெயின்போஸ்' அல்பத்தை இணையத்தில் வெளியிட்டு, விலையைக் கேட்பவரே தீர்மானிக்கலாம் என்று அறிவித்தபோது, இவ்வகையினரின் மூத்த தலைமுறையினர் சிறிதும் தடுமாறாமல் பூச்சியம் என்று தீர்மானித்துவிட்டு, குழுவின் கொள்கைப் பிடிப்பைக் குறித்து இரண்டு மணிநேரம் பேசினார்கள்.

பெயரில் உள்ள வெள்ளிக்கிழமைக்கும் காரணம் உண்டு. முன்பு நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த அல்ப வெளியீட்டு நாளை, 2015 ஜூலை முதல் உலகெங்கும் வெள்ளிக்கிழமையாக இசைத்துறையினர் ஒழுங்குபடுத்தினர். அதன் பயனாக, மற்றவர்கள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் புறப்படும் அந்நாளில் விமர்சகருக்கும் ஒரு கடமை வந்து சேர்ந்தது. கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறும்போது முதற்பாட்டு தொடங்கும். கண்டி நகரின் வாகன நெரிசலில் ஓர் அல்பத்தைப் பேராதனை சேர்வதற்குள் இரண்டு தடவை நிதானமாகக் கேட்டுவிட முடியும் என்றாலும், பஸ் மஹியாவையைத் தாண்டுவதற்குள், அதாவது இரண்டாவது பாட்டின் நடுவில், தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். பலாப்பழத்தை வெட்டாமலே தட்டிப் பார்த்துப் பக்குவம் சொல்லும் சந்தை வியாபாரியின் திறமைக்கு இது ஒப்பானது; வியாபாரி சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

தீர்ப்புகள் நான்கு வகைப்படும். 'முதல் அல்பம் மாதிரி வராது' என்பது முதலாவது. முதல் அல்பத்தை அவர் கேட்டதில்லை என்பதே இதன் பொருள். 'மிக்ஸிங் சரியில்லை' என்பது இரண்டாவது. குரலையும் கருவிகளையும் உரிய அளவில் கலக்கும் தொழில்நுட்பமே மிக்ஸிங் என்பதால், இக்குறையை எந்த அல்பத்திலும் காணலாம், எவரும் மறுத்துரைக்க முடியாது. 'குழு விலைபோய்விட்டது' என்னும் மூன்றாவது, பாட்டு பலருக்கும் பிடித்துவிட்டது என்பதன் சுருக்கம். 'கேட்கக் கேட்கத்தான் பிடிபடும்' என்னும் நான்காவது, பிடிக்கவில்லை என்று சொல்லத் துணிவில்லாத இடங்களில் பயன்படும். இவற்றோடு ஒரு புள்ளியும் வழங்கப்படும். பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை இதழ் பத்துக்கு இத்தனை என்று தசமத்தில் புள்ளியிடும் வழக்கமுடையது; ரேடியோஹெட்டின் 'கிட் ஏ' அல்பத்துக்கு 2000 இல் முழுப் பத்தையும் அளித்தது. அம்முறையைப் பின்பற்றும் விமர்சகர் 7.3 என்பார், 7.4 ஆகாதது ஏன் என்று கேட்போரைப் பரிதாபத்தோடு பார்ப்பார்.

பேராதனைத் தேநீர்க்கடையில் பிளேன்ரீயும் ரோல்ஸும் வரும் வரைக்கும் இத்தீர்ப்பு விரித்துரைக்கப்படும். "முழுசாக் கேட்டியா மச்சான்?" என்று நண்பர் ஒருவர் வினவினால், "முழுசாக் கேட்டா கருத்துக் குழம்பிப் போயிடும் மச்சான்" என்ற விடை தயாராக இருக்கும்.

இவரது திறனாய்வை ஆளும் அடிப்படை விதி தூரம் பற்றியது: இசை எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறதோ அவ்வளவுக்குப் புள்ளி கூடும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்பு முழங்கும்போது ஹெட்போனை இறுக்கிக்கொள்ளும் இவர், லண்டனைச் சேர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. தமது 'கலா' அல்பத்தில், 2007 இல், உறுமியை ஒலிக்கவிட்டபோது தோற்கருவிகளின் மகத்துவத்தை ஊரெல்லாம் விளக்கினார். பாடகர்கள் தீ, அறிவு இருவரும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 இல் வெளிவந்தபோது முதல் வாரம் போற்றினார். அடுத்த வீட்டு மாமியும் அதை முணுமுணுக்கத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் கைவிட்டார். அப்பாட்டின் பின்னணியில் நிற்பவர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமற்றவராகத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் என்பதையும், அத்தகைய தோட்டங்களைக் கொண்ட மலைகள் தமது யன்னலுக்கு வெளியே தெரிவதையும் கவனிக்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை.

இவ்விதியின் உச்சப் பயன்பாடு உள்ளூரில் நிகழ்கிறது. மிர்ஷாட் பக்மனைப் பாடகராகக் கொண்ட பரனோயிட் ஏர்த்லிங் என்னும் றொக் குழு 2001 இல் கண்டியிலேயே உருவானது. கனடாவின் மொன்றியல் நகரத்து ஆர்கேட் ஃபயர் குழுவைப் பற்றி நாள்முழுதும் பேசவல்ல விமர்சகரிடம் இக்குழுவைப் பற்றிக் கேட்டால், "நம்ம ஊர்ப் பெடியன்கள்தானே" என்பதோடு திறனாய்வு நிறைவுறும்.

ஆயினும் இவரை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. விளம்பரத்துக்குக் காசில்லாத சிறு குழுக்களின் பெயர் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குச் சென்றே பரவுகிறது. அந்த வாய் பெரும்பாலும் இவருடையதாகவே இருக்கிறது. எனவே இவரைத் திருத்த வேண்டிய கடமை நண்பர்களுக்கு உண்டு. கண்டியில் உள்ளூர்க் குழு ஒன்று அடுத்து மேடையேறும்போது இவரைக் கொண்டு ஒரு நுழைவுச்சீட்டை வாங்குவித்து, கடைசிப் பாட்டு முடியும்வரை வாசலில் காவல் நிற்பார்களாக. அதன் பிறகு அவர் 4.2 என்றாலும் ஏற்றுக்கொள்ளலாம். காசு கொடுத்து முழுதாகக் கேட்டவருக்குத் திட்டுவதற்கும் உரிமை உண்டு.